பொட்டு வெச்ச போல்ட்டு

உக்காருங்க, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாமுங்க, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. எங்க வீட்டுக்காரரு பக்கத்தூர்ல ஒரு கேதம்னு எழவு வீட்டுக்குப் போயிருக்காரு. தலையக் காட்டீட்டு வந்துருவாரு. வண்டிச் சாவி அவரு இடுப்புலதான் இருக்குது, அவரு வந்தாத்தான் உள்ள ஏறிப் பாக்க முடியும். அதுவரைக்கும் வெயில்ல நிக்காம இப்படி நெழல்ல இருங்க.

என்ன கேட்டீங்க? கம்ப்ரஸரா?

கேளுங்க, தாராளமாக் கேளுங்க. வர்றவிய எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. உள்ள சோபா எத்தனை மெத்துனு இருக்குது, மேக்கப் கண்ணாடியச் சுத்தி எத்தனை பல்பு எரியுது, படுத்தா எப்படித் தூக்கம் வருது, அதெல்லாம் ஒருத்தனும் கேக்கறதில்ல. மூக்கும் முழியுமா இருக்கற பொண்ணைப் பாக்க வந்துட்டு, சின்ன வயசுல அம்மை போட்டுதாமேன்னு கேக்கற கதைதான். இப்ப அதுல ஒரு கோளாறும் இல்லீங்க. அவரு வந்து சுவிட்சைப் போடட்டும், கிர்ருனு ஓடும். உங்க காதாலயே கேட்டுக்குங்க.

நாங்க வண்டிய விக்கறது கம்ப்ரஸர்னால இல்லீங்க. மனுசனால. சினிமா ஷூட்டிங்குக்கு வாடகைக்கு உடற கேரவன் இது, அண்ணந்தம்பி ரெண்டு பேருக்கும் பொதுவுல இருக்குது. தம்பிகாரன் பிரிஞ்சு போயிட்டான். தோட்டம் எப்பவோ பாகமாயிருச்சு. கெணறும் பாகமாயிருச்சு. மிச்சம் ஒட்டிக்கிட்டு இருக்கறது இந்த ஒரு வண்டிதான். இதையும் வித்து ஆளுக்குப் பாதின்னு எடுத்துக்கிட்டா அவன் வழி அவனுக்கு, எங்க வழி எங்களுக்கு. அப்பறம் அவன் இந்த வாசப்படிய மிதிக்கறதுக்கு ஒரு சோலியும் இல்ல. பீடை ஒழிஞ்சுதுன்னு தலைமுழுகிட்டு உக்காந்துக்கலாம்.

தம்பின்னா எம்பட கொழுந்தன், வஞ்சிமுத்து. நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்ப டவுசரு போட்டுட்டு மூக்கு ஒழுகிட்டு நின்னான். மாமியாரு அதுக்கு முன்னாலயே போய்ச் சேந்துட்டாங்க. எனக்கும் வயித்துல ஒண்ணு தங்கல. அவன் தலைக்கு எண்ணெ வெச்சது நானு. பள்ளிக்கோடத்துக்கு அனுப்புனது நானு. கரண்ட்டு வேலை படிக்கிறேன்னு நின்னப்ப, வேண்டாம்னு சொன்ன அண்ணன்காரரோட சண்டை போட்டுச் சேத்து உட்டது நானு. பொண்ணு பாத்துக் கட்டி வெச்சதும் நாந்தான். ருக்குமணின்னு பேரு, வாயே தொறக்காது, அதுல மட்டும் அவன் குடுத்து வெச்சவன். அவங்களுக்கு ஒரு புள்ள, யாழினி. பெரியம்மா பெரியம்மான்னு எம்பட முந்தானையப் புடிச்சுட்டே சுத்தும்.

அத விடுங்க. நீங்க வண்டிய வாங்க வந்தவிய, உங்களுக்கு எங்க வீட்டு அக்கப்போரு எதுக்கு. கம்ப்ரஸரைப் பத்திச் சொல்றேன்.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தாலும் சொல்றேன். வண்டி ஓடறப்ப எஞ்சினே காத்தை அடிச்சுக்கும், நாம ஒண்ணும் பண்ண வேண்டியதில்ல. ஷூட்டிங் எடத்துல எஞ்சினை அணைச்சுட்டு நிறுத்துனம்னா, அப்பத்தான் இந்தச் சின்னக் கம்ப்ரஸர் வேணும். அது பேட்டரியில ஓடி டேங்க்குல காத்து நெரப்பும். வண்டிக்கு அடியில ரப்பர் பைக இருக்குதல்லங்க, அதுக்குக் காத்து போனாத்தான் மேடு பள்ளத்துல நின்னாலும் வண்டி மட்டமா நிக்கும். கக்கூஸுல தண்ணிய அழுத்தி உடறதும் அந்தக் காத்துதான். அப்ப அது நின்னு போச்சுன்னா என்ன ஆகும்? வண்டி ஒரு பக்கமாச் சாஞ்சுரும், கக்கூஸும் நாறிப் போயிரும். சினிமாக்காரனுக்கு இந்த ரெண்டும் ஆகாது. படத்துல மலையில இருந்து குதிப்பான், சேத்துல பொரளுவான். கேரவன்ல மட்டும் டம்ளர்ல இருக்கற தண்ணி கூட அலுங்கக் கூடாது.

வண்டிக்கு ஒயரிங் பூராவும் பண்ணுனது வஞ்சிதான். அடேங்கப்பா, என்ன ரவுசு! ஒவ்வொரு ஒயருக்கும் நம்பர் ஒட்டி, கறுப்புக் கொழாய்க்குள்ள உட்டு, அங்கங்க கட்டுப் போட்டு, ஒரு மாசமா வண்டிக்கு அடியிலயே குடியிருந்தான். சோத்தைக் கூடத் தட்டுல போட்டு வண்டிக்கு அடியில தள்ளி உடுவேன். நாய்க்கு வெக்கற மாதிரி இருக்குதுடா, எந்திரிச்சு வாடாம்பேன். 'இதோ ஆச்சுங்கண்ணி, இதோ ஆச்சுங்கண்ணி'ம்பான். என்ன பண்ணிக் கிழிச்சான்? அப்பறம் சொல்றேன் பாருங்க.

எங்க வண்டிக்கு ஆயுத பூசை பண்றது எப்பவும் நாந்தான். மத்தவிய பண்ற மாதிரி மேலால ரெண்டு கொடம் தண்ணிய ஊத்தி, வாழைக்கன்னைக் கட்டி, பூசணிக்காய ரோட்டுல ஒடைச்சுட்டுப் போற வேலை எங்கிட்ட ஆகாதுங்க. சாமி மேலால மட்டுமா பாக்குது? அடியிலயும் பாக்கும். கம்ப்ரஸர் கோளாறான அந்த வருசம் வஞ்சி தாராபுரத்துல மாமனார் வீட்டுல இருந்தான். மாமனாருக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சுட்டு இருந்தான். அவன் இல்லாட்டி பூசை நின்னுருமா? நானே சேலைய வரிஞ்சு கட்டிட்டு எறங்குனேன்.

கம்ப்ரஸர் இருக்கற பொட்டியத் தொறந்தா ஒரே அழுக்கு. போல்ட்டு போல்ட்டாக் கழட்டுனேன். மண்ணெண்ணெயில துணிய நனைச்சுத் தொடைச்சேன். இரும்பு எங்கயும் வெளிய தெரியக் கூடாதுன்னு பச்சைப் பெயிண்ட்டை ரெண்டு கை அடிச்சேன். காஞ்ச பொறகு எல்லாத்தையும் திருப்பி முறுக்கி, ஒவ்வொண்ணுக்கும் சந்தனம், குங்குமம். அதுல ஒரு பெரிய போல்ட்டு. தடிமனா ஒரு கறுப்பு ஒயரு வந்து அதுல மாட்டியிருக்கும். அதைக் கழட்டிப் பாத்தா, அடியில வட்டமா ஒரு எடத்துல பெயிண்ட்டே இல்லாம இரும்பு பளபளன்னு தெரியுது. யாரோ வேணும்னே சுரண்டி உட்ட மாதிரி. வஞ்சி வேலைதான். அரைகொறை வேலைன்னா இதுதான்னு தலையில அடிச்சுக்கிட்டேன். எல்லாத்துக்கும் ரெண்டு கை அடிச்சவ அதுக்கு மட்டும் மூணு கையா அடிச்சேன். பொட்டும் அதுக்குத்தான் பெருசா வெச்சேன்.

அந்தப் பூசைக்கு ஊரே வந்து பாத்துச்சுங்க. எங்க வீட்டுக்காரரு கூட, 'சாந்தாமணி, வண்டி புதுப் பொண்ணாட்ட இருக்குது'ன்னாரு. அந்த மனுசன் வாயில இருந்து ஒரு நல்ல வார்த்தை வர்றது மழைக்கு முன்னால தும்பி பறக்கற மாதிரி, வந்தா எதோ நடக்கப் போகுதுன்னு அர்த்தம். நடந்துச்சு.

பூசை முடிஞ்சு சேத்துமடைப் பக்கம் ஒரு தேங்காத் தோப்புல ஷூட்டிங். அந்த சீசன் பூராவும் எங்க வண்டிதான்னு பேச்சு. ஒரு பெரிய நடிகரு, பேரு வேண்டாம், உங்களுக்கும் தெரிஞ்சவருதான். சம்பந்தம்னு ஒரு மேனேஜரு, மெட்ராஸ் ஆளு. பேசறப்ப நம்ம மொகத்தைப் பாக்க மாட்டான், நம்ம தலைக்கு மேல எதோ தொங்கற மாதிரி பாத்துட்டே பேசுவான். வண்டிய நிறுத்தி எஞ்சினை அணைச்சோம். கம்ப்ரஸர் கிர்ருனு ஓடுச்சு. சித்த நேரந்தானுங்க. அப்பறம் ஆஸ்துமாக்காரன் மாடி ஏறுன மாதிரி மூச்சுத் திணறுச்சு. டக், டக், டக்னு ஒரு சத்தம். நின்னு போச்சு. கொஞ்சம் உட்டுப் போட்டா மறுபடியும் ஓடும். டேங்க்குல காத்து ஏற ஏற மறுபடியும் திணறும், மறுபடியும் டக், டக்.

வண்டி மெல்ல எடப் பக்கமாச் சாஞ்சுருச்சு. உள்ள அந்த நடிகருக்கு மேக்கப் போட்டுட்டு இருந்தாங்க. கண்ணாடியும் சாஞ்சிருக்குது, நாற்காலியும் சாஞ்சிருக்குது, மேக்கப்காரனும் சாஞ்சு நிக்கறான். எல்லாம் ஒட்டுக்காச் சாஞ்சிருக்கறதுனால உள்ள இருந்தவனுக்கு ஒண்ணும் தெரியல. வெளிய எறங்கி வந்தாரு பாருங்க, ஒரு புருவம் இங்க இருக்குது, இன்னொரு புருவம் நெத்தியப் பாத்துப் போயிட்டு இருக்குது. தோப்பே சிரிச்சுது. தேங்கா பறிக்க மரத்துல ஏறுனவன் சிரிச்சுட்டே புடிச்சிருந்த மட்டையக் கை நழுவ உட்டுட்டான்.

கக்கூஸு கதைய உங்ககிட்ட எப்படிச் சொல்றது. வேண்டாம். அன்னிக்கு அந்தப் பெரிய நடிகரு சொம்பு எடுத்துட்டுத் தோப்புக்குள்ள போனாரு, அதோட நிறுத்திக்கறேன்.

சரி, ரிப்பேரு பாக்கலாம்னு பொள்ளாச்சியில இருந்து சம்பத்துன்னு ஒரு எலக்ட்ரீசியன் வந்தான். கழுத்துல ஒரு பல்பைத் தாலி மாதிரி தொங்க உட்டுட்டு வந்தான். டெஸ்ட் பல்பாமா. அதோட ஒரு முனைய அங்க வெப்பான், இன்னொரு முனைய இங்க வெப்பான், பல்பு எரியும். 'எரியுதுங்க, கரண்ட்டு வருதுங்க'ம்பான். ஏண்டா, கரண்ட்டு வருதுன்னா கம்ப்ரஸர் ஓடோணுமல்லொ? பல்பு எரியறதுக்கா நான் உன்னையக் கூப்புட்டேன்? பல்பு எரியறதைப் பாக்கோணும்னா எங்க வீட்டுக்குப் பொறத்தால பொடக்காளியில எரியுது, வந்து பாத்துக்கன்னேன். தலையச் சொறிஞ்சான். ரிலே போச்சுன்னான். புது ரிலே போட்டான். டக், டக். சுவிட்ச் போச்சுன்னான். புது சுவிட்ச் போட்டான். டக், டக். பேட்டரி சோர்ந்து போச்சுன்னான். பேட்டரியா, இல்ல உம்பட மண்டையாடான்னு கேட்டுட்டு அதையும் மாத்துனோம். டக், டக். 'ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்'. அந்தப் பழமொழிய இவனைப் பாத்துத்தான் சொல்லியிருப்பாங்க.

கடைசியா அந்தப் பெரிய போல்ட்டுகிட்ட கையக் கொண்டு போனான். டேய், கைய எடுடான்னேன். சாமிக்குப் பொட்டு வெச்ச போல்ட்டு அது. அடுத்த ஆயுத பூசை வரைக்கும் அந்தப் பொட்டு கலையக் கூடாது. செருப்புக் காலோட வந்தவன், எச்சிக் கையோட வந்தவன், அதைத் தொடறதாவது? 'இல்லீங்கக்கா, ஒரு தடவ கழட்டி'ன்னான். கழட்டறதுன்னா உம்பட டெஸ்ட் பல்பைக் கழட்டிட்டுப் போயிருன்னேன். போயிட்டான்.

அப்பறம் கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தன். அவன் இன்னும் பெரிய மேதாவி. வந்தவன் குனியவே இல்லீங்க. சட்டை மடிப்பு கலைஞ்சுருமாட்ட இருக்குது. நின்ன எடத்துல இருந்தே, 'மோட்டார் காயில் அவுட்டு'ன்னான். கூட வந்த பையனை உட்டுப் புதுக் கம்ப்ரஸரை மாட்ட வெச்சுட்டு, 'இனி பாருங்கம்மா, குதிரை மாதிரி ஓடும்'னான். ஓடுச்சு. பந்தயக் குதிரை நடுவுல நொண்டுன மாதிரி ஓடுச்சு. அதே மூச்சுத் திணறல், அதே டக், டக். அதோட பெயிண்ட்டு கருகற வாசம் வேற. எங்க இருந்துன்னு மோந்து பாத்தா, பொட்டிக்குள்ள இருந்து, அந்தப் பெரிய போல்ட்டுப் பக்கமா இருந்து வருது. எனக்கு அப்பவே வெளங்கிப் போச்சு. பெயிண்ட் கடைக்காரன் ஏமாத்திப்புட்டான். மட்டமான சரக்கைக் குடுத்திருக்கறான். நேரா அவன் கடைக்குப் போயி, சாமி காரியத்துக்குக் கலப்படப் பெயிண்ட்டைக் குடுக்கறயான்னு கடைத்தெருவே கேக்கற மாதிரி வாங்கு வாங்குன்னு வாங்கிப்புட்டேன். அவன் முழிச்ச முழி இருக்குதே! குத்தம் பண்ணுனவன் முழிக்கற முழி அது.

அந்தச் சமயத்துலதான் தாராபுரத்துல இருந்து வஞ்சி வந்து எறங்குனான். மாமனாருக்கு ஒடம்பு தேவலையாயிருச்சு. ஷூட்டிங் எடத்துக்கே நேரா வந்தான். அங்க மேனேஜரு நிக்கறான், டைரக்டரோட ஆளுக நிக்கறாங்க, சமையல்காரங்க நிக்கறாங்க, எங்க வீட்டுக்காரரும் நிக்கறாரு. வந்தவன் ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்கல. சட்டையக் கழட்டிட்டு வண்டிக்கு அடியில போயிட்டான். போனதும் தெரியல, வந்ததும் தெரியல. கைய லுங்கியில தொடைச்சுட்டே எங்கிட்ட வந்து, எல்லாரும் கேக்க என்ன சொன்னாங்கறீங்க?

'அண்ணி, பெயிண்ட்டு அடிச்சிருக்கறீங்களாட்ட. அந்த எர்த் போல்ட்டுக்கு அடியிலயும் பெயிண்ட்டு இருக்குதுங்கண்ணி. கரண்ட்டு அதுல புகுந்துதான் பேட்டரிக்குத் திரும்பிப் போகோணும். இரும்பும் இரும்பும் தொட்டாத்தான் போகும். பல்பு எரியறதுக்கு அது பத்தும், மோட்டார் ஓடறதுக்குப் பத்தாது. அதனாலதான் நான் அந்த எடத்தைச் சுரண்டி உட்டிருந்தேன். இப்ப சித்தச் சுரண்டுனாச் செரியாப் போயிருங்கண்ணி.'

கேட்டுக்கிட்டீங்களா? சுரண்டுனாச் செரியாப் போயிருமாம்! நான் சாமிக்குச் செஞ்சதுனாலதான் வண்டி நின்னுதாம்! அத்தனை ஒயரை அவன் இழுத்து வெச்சிருக்கறான், அதுல எங்கயோ ஒண்ணு போயிருக்குது. அதைச் சொல்லறதுக்கு வெக்கமா இருக்குது. பழிய எந்தலையில போடறான். அதும் அந்த மெட்ராஸ்காரன் முன்னால. அவன் மொத மொதலா அன்னிக்குத்தான் எம்பட மொகத்தைப் பாத்தானுங்க. பாத்துட்டுச் சிரிச்சான். எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு.

அதுக்கு நான் என்ன பெருசாச் சொல்லிப் போட்டேன்? ஒண்ணுமே சொல்லலீங்க. 'எங்கையில சோறு வாங்கித் தின்னு வளந்த நாயி, எனக்கே வித்தை சொல்லித் தர்றயா?'ன்னேன். அப்பறம், 'ஆத்தா அப்பன் இல்லாதவனாச்சேன்னு தூக்கி வளத்துனனே, எம்பட புத்தியச் செருப்பால அடிக்கோணும்'னேன். அவ்வளவுதான். வளத்தவ கோவத்துல நாலு வார்த்தை சொல்லறதில்லயா? ஊர்ல எந்தத் தாய் சொல்லல? அதுக்குப் போயி ஒருத்தன் மூஞ்சியத் தூக்குவானா?

தூக்குனான். கையில இருந்த ஸ்பேனரைக் கீழ வெச்சான். சட்டைய எடுத்து மாட்டுனான். அடுத்த நாள் விடியறதுக்குள்ள பொண்டாட்டி புள்ளைய இழுத்துட்டுக் கெளம்பிட்டான். அந்தப் புள்ள யாழினி தூக்கக் கலக்கத்துல, 'பெரியம்மா வரலையா'ன்னு கேட்டுட்டே போச்சு. நான் வாசலை ஒட்டுன ஆசாரத்துலதான் நின்னுட்டு இருந்தேன். என்னையத் தாண்டித்தான் போனான். 'போறனுங்கண்ணி'ன்னு சொன்னான். போறவன் போவட்டும்னு நானும் உட்டுட்டேன். நான் எதுக்குத் தடுக்கோணும்? தப்புப் பண்ணுனவன் அவன். அவன்தான் நிக்கோணும்.

சினிமாக் கூட்டமும் அதோட வேற வண்டியப் பாத்துட்டுப் போயிருச்சு. எங்க வண்டிய இந்த ஷெட்டுக்கு ஓட்டியாந்து நிறுத்துனாங்க.

அப்பறம் எப்படிச் செரியாச்சுன்னுதானே கேக்கறீங்க? அதையும் கேளுங்க. படிச்சவிய எல்லாம் கைய விரிச்சதை நாந்தான் செரி பண்ணுனேன். உப்பு, மொளகா, தெருமண்ணு, மூணையும் சேத்து வண்டியச் சுத்தி எடுத்து நெருப்புல போட்டேன். மொளகா வெடிச்சுது, ஆனா நெடியே வரலீங்க. அத்தனை கண்ணு பட்டிருக்குது! அந்தத் தோப்புல நின்னவன் பூராவும் கண்ணு வெச்சிருக்கறான். அதே வாரத்துல எங்க வீட்டுக்காரரு வண்டிக்கு அடியில படுத்துக் கெடந்தாரு. கையில உப்புத்தாளு. என்னங்க பண்றீங்கன்னேன். 'ஒண்ணுமில்ல, கொஞ்சம் துரு'ன்னாரு. நான் பெயிண்ட்டு அடிச்ச எடத்துல துருவா? அந்த மனுசனுக்குக் கண்ணு மங்கிப் போச்சு, பாவம். அந்தப் பெரிய போல்ட்டுல நான் வெச்ச பொட்டையும் கலைச்சுப்புட்டாரு. புருசனாச்சேன்னு ஒண்ணும் சொல்லல, கன்னத்துல போட்டுக்கிட்டு நானே பக்கத்து இரும்புல ஒரு பொட்டை வெச்சு உட்டேன். அடுத்த நாள் சுவிட்சைப் போட்டா, கம்ப்ரஸர் ஒரே மூச்சுல ஓடுது! டக்குமில்ல, டொக்குமில்ல. வண்டி சும்மா சட்டாம்புள்ளையாட்ட நிமிந்து நின்னுச்சு. பாத்தீங்களா, சுத்திப் போட்டதுக்கு இருக்கற சக்திய!

வண்டி செரியாகி என்ன பிரயோசனம். ஒருத்தனும் கூப்புடறதில்ல. எப்படிக் கூப்புடுவான்? இவன் இப்பக் கரூர்ல பஸ்ஸுக்கு பாடி கட்டற பட்டறையில வேலை செய்யறான். ஊர்ல இருக்கற வண்டிக்காரன் பூராவும் அங்கதான வர்றான். வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் எங்க வண்டியப் பத்தி என்னென்ன சொல்லி வெச்சிருக்கறானோ. அண்ணி பெயிண்ட்டு அடிச்சுக் கெடுத்துப்புட்டா, அதை வாங்காதீங்க, ஏறாதீங்கன்னுதான் சொல்லியிருப்பான். உப்புப் போட்டவ பேரைக் கெடுக்கறதை விட அவனுக்கு வேற என்ன...

என்னங்க? இல்லையா? இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

நீங்க கரூர் போயிருந்தீங்களா? புதுசா வண்டி கட்டறதுக்கா? மூணாறுக்கு டூர் கூட்டிட்டுப் போறதுக்கு... சரி. சரி. அந்தப் பட்டறையிலயே... அவனையே பாத்தீங்களா? நெத்தியில தழும்பு, கொஞ்சம் கூனுன மாதிரி நடப்பான்... அவனேதான். ஆடு முட்டுன தழும்பு அது. இளைச்சிருக்கறானா? அதில்லைங்க, சும்மா கேட்டேன். அவன் இளைச்சா எனக்கென்ன.

என்ன சொன்னான்? அவன் சொன்னதை அப்படியே சொல்லுங்க. மழுப்பக் கூடாது. நான் எதையும் தாங்குவேன்.

புதுசாக் கட்ட வேண்டாம்னானா? 'எங்க ஊர்ல ஒரு வண்டி இருக்குது, அது மாதிரி நீங்க தேடுனாலும் கெடைக்காது'ன்னு... அவனா சொன்னான்? 'குனிஞ்சு அடியில பாருங்க, ஒரு பொட்டுத் துரு இருக்காது, எங்க அண்ணி அப்படிப் பாத்துக்குவாங்க'ன்னு சொன்னானா?

உம்.

அப்பறம்? கம்ப்ரஸரைப் பத்தி? அதைச் சொல்லாம இருந்திருக்க மாட்டானே. சொல்லுங்க, எதுக்கு இழுக்கறீங்க.

'கம்ப்ரஸர்ல மட்டும் முன்னால ஒரு கோளாறு இருந்துச்சு, அது நான் ஒயரிங்ல உட்ட தப்பு'ன்னானா? நான் உட்ட தப்புன்னா சொன்னான்? அவன் வாயால?

நீங்க காதுல செரியாத்தான் வாங்குனீங்களா? அவன் ஒயரிங்லயா தப்பு? என்னங்க பேசறீங்க நீங்க! அவன் மாட்டுன ஒயர்ல ஒரு குத்தம் கண்டுபுடிச்சுக் குடுத்துருங்க, எம்பட காதை அறுத்து வெச்சுடறேன். ஒரு மாசம் வண்டிக்கு அடியில கெடந்து, ஒவ்வொரு ஒயரையும் புள்ளையத் தூக்கற மாதிரி தூக்கி வெச்சவனுங்க அவன். அந்தச் சம்பத்தும் கோயமுத்தூர்க்காரனும் அவன் கால் தூசி பெறுவானுகளா? இதுல தப்பாம், நீங்களும் கேட்டுட்டு வந்து சொல்றீங்க. எவனோ வந்து எங்க வஞ்சி வேலை மட்டம்னு சொல்லறதுக்கா இந்த வண்டிய வெச்சிருக்கறோம்?

அப்ப யாரு தப்பா? யாரு தப்பா இருந்தா உங்களுக்கென்ன! வண்டி வாங்க வந்தீங்களா, பஞ்சாயத்துப் பண்ண வந்தீங்களா?

இருங்க. எங்க எந்திரிக்கறீங்க. உக்காருங்க. கோவிச்சுக்காதீங்க, உங்களைச் சொல்லல. கிறுக்குப் பயலே, கிறுக்குப் பயலே. நான் செருப்பால அடிக்கற மாதிரி பேசுனதை ஒருத்தன்கிட்டயும் சொல்லாம, பழிய எடுத்துத் தலையில வெச்சுட்டு ஊருக்குச் சொல்லிட்டுத் திரியறான் பாருங்க.

உங்க போனைக் குடுங்க. குடுங்கன்னா. எம்பட போன்ல இருந்து கூப்புட்டா நான் கூப்புட்டதா ஆயிரும். நெம்பரு நீங்க தேட வேண்டியதில்ல, எனக்கு மனப்பாடம். இந்தாங்க, நெம்பரு போட்டுட்டேன், அந்தப் பச்சையை நீங்களே அழுத்துங்க.

அடிக்குது.

ஆங்... மூணாறுக்காரரு இல்லடா. நாந்தான். நாந்தான்னா நாந்தான், எத்தனை சாந்தாமணி இருக்கறா உனக்கு? ஏண்டா, எவண்டா உன்னையக் கேட்டான்? உம்பட ஒயரிங்ல தப்புன்னு எவன் உன்னையச் சொல்லச் சொன்னான்? வர்றவன்கிட்டயெல்லாம் பொய் சொல்லறதுக்கா உன்னைய வளத்துனேன்? வாயை மூடு. பெயிண்ட்டைப் பத்தி நான் பேசவே இல்ல, நீ எதுக்குப் பேசறே? அதை உட்டுத் தொலை... வஞ்சி? டேய்... அழுவாதடா. நாலு பேரு வேலை செய்யற எடத்துல நின்னு என்ன இது. மூக்கைத் தொடை.

கேளு. வந்தவிய நல்லவியளாட்டத்தான் இருக்கறாங்க, சோறு போட்டு அனுப்பி வெக்கறேன். வண்டிய நான் குடுக்கப் போறதில்ல. வெள்ளிக்கெழம புள்ளைய இங்க கூட்டியா. ருக்குவையுந்தான், வேற யாரு... உங்கண்ணன் இன்னும் கேதத்துல இருந்து வரல. வந்தா, வண்டி விக்கலைன்னு நீயே அவருக்குப் போன் போட்டுச் சொல்லிரு.

நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாத.